கூட்டத்தை நடத்துவது யார்? முடிவு யாருடையது?

புதுக்குடியிருப்பில் கூட்டம் இல்லாத வாரம் இல்லை. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கோயில் பரிபாலன சபை, மரண உதவிச் சங்கம் என்று வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். மீள்குடியேற்றத்தின் முதல் ஆண்டுகளில் அரச சார்பற்ற நிறுவனங்களின் கூட்டங்களும் இவற்றுடன் சேர்ந்துகொண்டன. வீடு, கிணறு, மலசலகூடம், கோழி, ஆடு, தையல் இயந்திரம் எல்லாமே ஒரு கூட்டத்தில் தொடங்கி ஒரு பட்டியலில் முடிந்தன.

அப்படியொரு கூட்டத்தின் குறிப்பேட்டில் என்னுடைய கையெழுத்தும் இருக்கிறது.

2013ஆம் ஆண்டு. மெனிக் பாம் முகாம் மூடப்பட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் பகுதியில் காணியைத் துப்புரவாக்கித் தகரக் கொட்டில்களில் இருந்த குடும்பங்கள் 60இற்கு மேல். ஒரு நிறுவனம் 12 கிணறுகளை இறைத்து, துப்புரவாக்கி, கட்டுக் கட்டித் தருவதாகச் சொன்னது. பொதுநோக்கு மண்டபத்துக்கு அப்போது கூரை இல்லை. வேப்பமரத்தின் கீழ் கூட்டம். முன்னால் ஒரு மேசை, மூன்று கதிரைகள். நாங்கள் பாயிலும் மணலிலும். செயலாளர் வரவில்லை என்பதால், படித்த பிள்ளை என்று சொல்லிக் குறிப்பு எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள்.

தலைவர் பட்டியலை வாசித்தார். 12 பெயர்களில் 7 பெயர்கள் அவருடைய ஒழுங்கையைச் சேர்ந்தவை. “ஆருக்கும் ஆட்சேபனை இருக்கோ?” என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த அக்கா 2009 மே மாதத்துக்குப் பிறகு கணவரைக் காணாதவர். இரண்டு பிள்ளைகளுடன் அரைக் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். அவர் பெயர் பட்டியலில் இல்லை. வருகைப் பதிவில் கையெழுத்து வைத்துவிட்டு எழுந்து போனார். நான் குறிப்பேட்டில் எழுதினேன்: “ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.”

மக்கள் பங்கேற்புடன் பயனாளிகள் தெரிவு செய்யப்பட்டதற்குச் சான்றாகக் கோவைக்குள் போனது அந்த வருகைப் பதிவுதான்.

தலைவர் களவு செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய ஒழுங்கையில் கிணறுகள் உண்மையிலேயே மோசமாக இருந்தன. ஆனால் பட்டியலைத் தயாரித்தவரும் அவர், கூட்டத்தை நடத்தியவரும் அவர், ஆட்சேபனை கேட்டவரும் அவர். அடுத்த நாள் ஒரு கடிதத்துக்குச் சிபாரிசு வாங்குவதற்கும் அவரிடம்தான் போக வேண்டும். அவரை எதிர்த்து அவரிடமே யார் சொல்வது? இரண்டு ஒழுங்கைக்காரரும் மறுபடி ஒரே கூட்டத்தில் இருந்து கதைப்பதற்கு மூன்று வருடங்கள் எடுத்தன. அந்தக் கூட்டத்தை நடத்தியவர் எங்கள் ஊரவர் அல்ல. அதன் முடிவால் அவருக்கு ஒரு சதம்கூட இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் என்ன செய்கிறார், அவரால் எது முடியும், எது முடியாது என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை.

எந்தப் பெயரால் அழைப்பது?

இந்த வேலையைச் செய்பவருக்குத் தமிழில் ஒரே பெயர் நிலைக்கவில்லை. பயிற்சிப் பட்டறைகளில் இலகுபடுத்துநர், வசதிப்படுத்துநர் என்கிறார்கள். சமாதானப் பேச்சுக் காலத்தில் நோர்வேயுடன் சேர்ந்து எங்கள் காதில் பதிந்த சொல் அனுசரணையாளர். விளையாட்டுப் போட்டிப் பதாகையில் இதே சொல்லுக்குக் காசு கொடுத்த கடைக்காரர் என்று பொருள். பழகிய சொல் என்பதால் அனுசரணையாளர் என்றே இங்கு எழுதுகிறேன். காசு கொடுப்பவர் என்ற பொருளை மட்டும் மறந்துவிடுங்கள். காசு கொடுப்பவர்தான் இந்த வேலைக்கு மிகவும் பொருந்தாத ஆள்.

கூட்டங்களில் நாம் காணும் மற்றவர்களிடமிருந்து அனுசரணையாளரைப் பிரித்தறிய வேண்டும்.

தலைவர் சங்கத்தின் பொறுப்பாளர். அவருக்கு நிலைப்பாடு உண்டு, வாக்கு உண்டு, தெரிவுசெய்த ஆட்களும் உண்டு.

வளவாளர் ஒரு விடயம் தெரிந்தவர். கிணற்றின் ஆழத்தைப் பற்றியும் நெல்லினத்தைப் பற்றியும் சொல்லித் தர வருவார்.

மத்தியஸ்தர் பிணக்கு வந்த பின் வருபவர். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகளை நாம் அறிவோம். அங்கே இரண்டு தரப்பு இருக்கும், ஒரு முறைப்பாடு இருக்கும்.

அனுசரணையாளர் பிணக்கு வருவதற்கு முன்பே, ஒரு குழு சேர்ந்து யோசித்துத் திட்டமிடும்போது, அந்த யோசிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பவர். எதைத் தீர்மானிப்பது என்பதில் அவருக்குக் கருத்து இருக்கக்கூடாது. எப்படித் தீர்மானிப்பது என்பதில் அவர் விடாப்பிடியாக இருக்க வேண்டும். இன்னும் பேசாதவர் யார், ஒருவரே எத்தனை தடவை பேசிவிட்டார், சொன்னது சொன்னபடி எழுதப்பட்டதா என்பவை அவருடைய கவலைகள்.

1976இல் அமெரிக்காவில் மைக்கேல் டொய்ல், டேவிட் ஸ்ட்ராவுஸ் என்ற இருவர் கூட்டங்களை நடத்துவது பற்றி ஒரு நூல் எழுதினார்கள். அவர்கள் முன்வைத்த முறை எளிமையானது. அதிகாரம் உள்ளவர் தன் கூட்டத்தைத் தானே நடத்தக்கூடாது. அவரும் ஓர் உறுப்பினராக இருந்து தன் கருத்தைச் சொல்லட்டும். நடத்துவதற்கு ஒருவர், எல்லாரும் பார்க்கும்படி பெரிய தாளில் எழுதுவதற்கு இன்னொருவர். அந்தத் தாளைக் குழுவின் ஞாபகம் என்று அழைத்தார்கள். 2013இல் என் மடியில் மூடி வைத்திருந்த குறிப்பேட்டை நினைத்துப் பார்க்கிறேன். அதில் நான் என்ன எழுதினேன் என்று அங்கிருந்த யாருக்கும் தெரியாது.

அந்த இரண்டாவது கூட்டம்

2016இல் எங்கள் பகுதிக்கு வேறொரு நிறுவனத்தின் சிறு நிதி வந்தது. உள்வீதியைத் திருத்துவதா, முன்பள்ளியைக் கட்டுவதா, மழைநீர் வடிகால் வெட்டுவதா என்பது கேள்வி. பழைய கதை தெரிந்த ஒருவர் நிறுவனத்துக்குள் இருந்திருக்க வேண்டும். கூட்டத்தை நடத்த வேறு பிரதேசத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அழைத்து வந்தார்கள். நாங்கள் அவரை மாஸ்டர் என்றோம்.

அவருடைய வேலை கூட்டத்துக்கு முன்பே தொடங்கியது. இரண்டு தடவை வந்து வீடுகளில் இருந்து கதைத்தார். பெண்களைத் தனியாகச் சந்தித்தார். “கூட்டத்துக்கு ஆர் வரமாட்டினம்? ஏன்?” என்றுதான் அதிகம் கேட்டார். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலைக் கூட்டம் சரிவராது என்று தெரிந்ததும் நேரம் பின்னேரம் நாலரைக்கு மாறியது.

கூட்டத்தன்று முன்மேசையை எடுத்துச் சுவரோரம் வைத்தார். கதிரைகளை வட்டமாகப் போடச் சொன்னார். எல்லாரும் இருந்ததும் நிறுவன இணைப்பாளரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: “இண்டைக்கு எடுக்கிற முடிவு ஆருடைய முடிவு? இந்தச் சனத்தின்ரை முடிவோ, இல்லை நீங்கள் எடுத்த முடிவைக் கேக்க வந்திருக்கினமோ?”

இணைப்பாளர் கொஞ்சம் தடுமாறினார். பிறகு, தொகையை மாற்ற முடியாது, டிசம்பருக்குள் வேலை முடிய வேண்டும், மூன்றில் எது என்பது ஊரின் முடிவு என்றார். மாஸ்டர் அந்த மூன்று வசனங்களையும் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். அந்தத் தாள் கடைசிவரை அங்கேயே இருந்தது.

அடுத்தது வருகைப் பதிவு. அடையாள அட்டை இலக்கம் எதற்கு என்று அவரே எங்களுக்காகக் கேட்டார். தேவையில்லை என்று பதில் வந்ததும் அந்த நிரலை வெட்டினார். வட்டத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிளுடன் நின்ற இரண்டு பேரிடம், “தம்பியவை, நீங்களும் அறிமுகப்படுத்துங்கோவன்” என்றார். “சும்மா வந்தனாங்கள்” என்றார்கள். அவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும். முல்லைத்தீவு மாவட்டத்தில் புலனாய்வாளர் எட்டிப் பார்க்காத கூட்டம் அரிது. மாஸ்டர் அவர்களை விரட்டவில்லை, விரட்டவும் முடியாது. ஆனால் படம் எடுக்கக்கூடாது, யார் எதைச் சொன்னார் என்று பெயர் எழுதப்படாது, கருத்து மட்டும் எழுதப்படும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். எங்கள் பகுதிகளில் கூட்டம் நடத்துபவர் முதலில் செய்ய வேண்டிய வேலை இது. யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் மனிதர் வாய் திறக்க மாட்டார்கள்.

பிறகு பக்கத்தில் இருப்பவருடன் ஐந்து நிமிடம் கதைக்கச் சொன்னார். 50 பேர் முன்னால் எழும்பிப் பேசாதவர் ஒருவரிடம் பேசுவார். அவர் சொன்னதைப் பக்கத்திலிருந்தவர் சபைக்குச் சொல்லலாம். அன்று அந்த அக்கா தன் வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் கார்த்திகை, மார்கழி மழைக்கு அவருடைய வளவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாததும் பக்கத்திலிருந்தவர் மூலம் தாளில் ஏறின.

மூன்றில் எது என்று கேட்பதற்கு முன், எதை வைத்து முடிவெடுப்பது என்று மாஸ்டர் கேட்டார். எத்தனை வீட்டுக்குப் பயன், மழைக்கு முன் முடியுமா, பிறகு பராமரிக்கக் காசு வேண்டுமா என்று நாங்களே அளவுகோல்களைச் சொன்னோம். தரையில் மூன்று வட்டம் கீறி, ஒவ்வொருவருக்கும் ஐந்து புளியங்கொட்டை தந்தார். கை உயர்த்தினால் யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். புளியங்கொட்டை அப்படிக் காட்டிக்கொடுக்காது. பங்கேற்புக் கிராமிய மதிப்பீடு என்ற பெயரில் உலகமெங்கும் பாவிக்கப்படும் முறை இது. அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பிரித்தானியரான ராபர்ட் சேம்பர்ஸ். படித்த வெளியாள் தன் கையிலுள்ள தடியை ஊராரிடம் கொடுத்துவிட்டு விலகி நிற்க வேண்டும் என்பது அந்த முறையின் அடிப்படை.

இடையில் ஓர் அம்மா, முன்பள்ளி என்ற சொல்லைக் கேட்டதும், காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றிப் பேசத் தொடங்கி அழுதார். இணைப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். மாஸ்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு இருந்தார். ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, “அம்மா, இதை எழுதிறதோ?” என்று கேட்டார். அவர் தலையாட்டினார். தனித் தாளில் எழுதினார். அதற்கு அந்தக் கூட்டத்தில் பதில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று சொல்லி அந்த அம்மாவை இருத்தியிருந்தால், அதற்குப் பிறகு யாரும் மனதைத் திறந்து பேசியிருக்க மாட்டார்கள்.

வடிகால் என்று முடிவானது. யார், எதை, எந்தத் திகதிக்குள் செய்வது என்று எழுதி, முழுவதையும் சத்தமாக வாசித்து, பிழை திருத்தி, ஒரு பிரதியைக் கடைச் சுவரில் ஒட்டினோம். முன்பள்ளிதான் வேண்டும் என்று கடைசிவரை நின்ற சிலரின் காரணங்களும் அதில் இருந்தன.

வீட்டுக்குப் போகும் வழியில் பழைய தலைவர் சொன்னது எனக்கு எதிர்பாராதது. “இத்தனை வரியமாக் கூட்டம் நடத்திறன். இண்டைக்குத்தான் பிள்ளை நான் கூட்டத்திலை கதைச்சனான்.” நடத்துகிற சுமை இல்லாதபோது அவரும் ஒரு ஊர்க்காரராக இருக்க முடிந்தது.

கல்லோயாவில் நடந்தது

இது வெளிநாட்டுப் பயிற்சிப் பட்டறைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். இந்தத் தீவிலேயே பெரிய அளவில் செய்து பார்க்கப்பட்டது.

கல்லோயா என்றதும் குடியேற்றத் திட்டமும் 1956ஆம் ஆண்டு தமிழர் மீது நடந்த வன்முறையும்தான் எங்களுக்கு நினைவுக்கு வரும். அந்த நினைவு சரியானது. அதே கல்லோயாவின் இடதுகரை வாய்க்கால்கள் 1970களின் இறுதியில் பாழடைந்து கிடந்தன. மேற்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். தண்ணீர் போய்ச் சேராத கீழ்ப்பகுதியில் தமிழ் பேசும் விவசாயிகள். 1981இல் கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளைப் பயிற்றுவித்து அந்தக் கிராமங்களில் வாழ அனுப்பின. அவர்கள் போனவுடன் சங்கம் அமைக்கவில்லை. பெரிய கூட்டம் கூட்டவும் இல்லை. வீடு வீடாகப் போய்க் கதைத்தார்கள். ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து, உங்களால் இப்போது என்ன செய்ய முடியும் என்று கேட்டார்கள். வாய்க்கால் துப்புரவு, முறை வைத்துத் தண்ணீர் எடுப்பது, மிச்சத்தைக் கீழே விடுவது என்று வேலை முதலில் நடந்தது. பிரதிநிதித் தெரிவு பிறகுதான் வந்தது. அதையும் வாக்கெடுப்பால் செய்யாமல் பேசி உடன்பட்டுச் செய்தார்கள்.

முதல் போகத்திலேயே, குளத்தில் தண்ணீர் மிகக் குறைவாக இருந்தபோது, மேற்பகுதிக்காரர் தண்ணீரை மிச்சம்பிடித்துக் கீழே விட்டார்கள். அந்தத் திட்டத்தில் பணியாற்றிய கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொவ் இதைப் பதிவுசெய்திருக்கிறார். பட்டதாரிகள் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு, 1997 சிறுபோகத்தில், இருக்கிற தண்ணீர் 15,000 ஏக்கருக்கு மேல் காணாது என்று நீர்ப்பாசனத் திணைக்களம் கருதியபோது, விவசாயிகள் 65,000 ஏக்கரையும் செய்து காட்டினார்கள்.

இதில் நாங்கள் கவனிக்க வேண்டிய குறை இரண்டு. ஒன்று, அந்த இளைஞர்களுக்கு நிரந்தர நியமனம் இல்லை. அரச ஆசிரியர் வேலை கிடைத்ததும் பலர் போய்விட்டார்கள். இரண்டாவது பெரியது. அவர்கள் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட உதவினார்கள். அந்தக் காணி யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற கேள்வி அவர்களுடைய தாளில் இல்லை. அனுசரணையாளரால் ஒரு குழுவின் கையில் இருக்கும் முடிவை நன்றாக எடுக்க உதவ முடியும். குழுவின் கையில் இல்லாத முடிவை அவரால் கொண்டுவந்து தர முடியாது.

எங்கே இது தோற்றது

அந்த எல்லையை வன்னியை விட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை. செப்டெம்பரில் தாய்லாந்தில் முதல் சுற்றுப் பேச்சு. 2003 மார்ச்சில் ஜப்பானில் ஆறாவது சுற்று. ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். 2008 ஜனவரியில் அரசாங்கம் உடன்படிக்கையைவிட்டு வெளியேறியது. மேசையை ஒழுங்கு செய்ய நோர்வேயால் முடிந்தது. உடன்பட்டதை நிறைவேற்ற வைக்கும் பலம் அதனிடம் இருக்கவில்லை. அத்துடன், பேச்சுக்கு அனுசரணையாளராக இருந்த அதே நாடு போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவுக்கும் தலைமை தாங்கியது. நடத்துபவரே பிழை பிடிப்பவராகவும் இருந்தால் இரண்டு வேலையும் கெடும். சின்னக் கிராமச் சங்கத்துக்கும் இது பொருந்தும். கூட்டத்தை நடத்துபவரிடம் கணக்குப் பரிசோதனையையும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது அனுபவம் அண்மைக்காலத்தது. நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களிடம் கேட்பதற்கு 2016 ஜனவரியில் 11 பேர் கொண்ட கலந்தாலோசனைச் செயலணி நியமிக்கப்பட்டது. எல்லாரும் சிவில் சமூகத்தவர். தலைவர் சட்டத்தரணி மனோரி முத்தெட்டுவேகம, செயலாளர் பாக்கியசோதி சரவணமுத்து. நாடெங்கும் வலயச் செயலணிகள் மக்களைச் சந்தித்தன. 7,306 கருத்துரைகள் வந்தன. கேட்டவர்கள் கவனமாகக் கேட்டார்கள். ஆனால் அறிக்கை முடிவதற்கு முன்பே, 2016 ஆகஸ்ட் மாதம், காணாமல் போனோர் அலுவலகச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2017 ஜனவரி 3இல் அறிக்கை கையளிக்கப்பட்டபோது அதைப் பெற்றுக்கொள்ள ஜனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை. சந்திரிகா குமாரதுங்க பெற்றுக்கொண்டார்.

அதன் விலையை யார் கொடுத்தார்கள்? தங்கள் வாழ்க்கையின் மிகக் கொடிய நாளை இன்னொரு தடவை சொன்ன தாய்மார்கள் கொடுத்தார்கள். 2017இல் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் அவர்கள் வீதியோரக் கொட்டகைக்குப் போனார்கள். 2018இல் அதே அலுவலகம் கூட்டம் நடத்த முல்லைத்தீவுக்கு வந்தபோது, உள்ளே போவதை விட வெளியே பதாகையுடன் நிற்பதைப் பலர் தெரிந்தெடுத்தார்கள். அதைப் பங்கேற்க விருப்பமில்லாமை என்று எழுதியவர்கள் இருந்தார்கள். என் கண்ணுக்கு அது, முடிவு யாருடையது என்ற கேள்விக்குப் பதில் வராத கூட்டத்தை மறுப்பது.

சிறிய அளவில் இதுவே எங்கள் வீட்டுத் திட்டக் கூட்டங்களிலும் நடந்தது. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா. பயனாளிகளைத் தெரிவுசெய்யப் புள்ளி முறை இருந்தது, பட்டியல் பொது இடத்தில் ஒட்டப்பட்டது, முறையிட வழியும் இருந்தது. இவை நல்லவை. ஆனால் எதற்கு எத்தனை புள்ளி என்பது ஊருக்கு வருவதற்கு முன்பே முடிந்திருந்தது. தனித்து வாழும் முதியவருக்கும் சிறிய குடும்பத்துக்கும் புள்ளி குறைந்தபோது, ஊர்க்கூட்டத்தால் அதை மாற்ற முடியவில்லை.

எங்கள் ஊரில் யாரை அழைப்பது?

முழு நடுநிலையான மனிதர் வன்னியில் இல்லை. எல்லாருக்கும் ஊர் உண்டு, உறவு உண்டு, சாதி உண்டு, கட்சி உண்டு, போரில் இழந்தவர்கள் உண்டு. நாம் தேடுவது அந்தக் குறிப்பிட்ட முடிவில் பங்கில்லாதவரை. பக்கத்துப் பிரதேசத்தின் ஓய்வுபெற்ற ஆசிரியர், தாதி, கூட்டுறவு உத்தியோகத்தர், வேறு கிராமத்து மாதர் சங்கத்தில் அனுபவமுள்ள பெண் என்று பலர் இருக்கிறார்கள். எங்கள் சங்கச் செயலாளர் அவர்கள் ஊருக்குப் போக, அவர்கள் செயலாளர் எங்கள் ஊருக்கு வரலாம். செலவு பஸ் காசும் ஒரு தேத்தண்ணியும்தான். பெண்கள் அதிகமுள்ள கூட்டத்துக்குப் பெண் ஒருவரை அழைப்பது நல்லது.

அழைப்பதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டியவை:

இந்த முடிவால் உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ ஏதும் கிடைக்குமா?

உங்களுக்குக் காசு தருவது யார்? அவருக்கு நீங்கள் என்ன அறிக்கை கொடுப்பீர்கள்?

கூட்டத்துக்கு முன், வராதவர்களை வந்து சந்திப்பீர்களா?

உங்களுக்குப் பிடிக்காத முடிவை நாங்கள் எடுத்தால் அதையும் அப்படியே எழுதுவீர்களா?

கூட்டத்தை ஏற்பாடு செய்தவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எது ஏற்கெனவே முடிவாகிவிட்டது, எது எங்கள் கையில் இருக்கிறது? பதில் தெளிவாக இல்லாவிட்டால், அது தகவல் சொல்லும் கூட்டம் என்று பெயர் மாற்றச் சொல்லுங்கள். திட்டமிடல் கூட்டம் என்று கையெழுத்து வைக்க வேண்டாம்.

சில கூட்டங்களில் தலைவரை மாற்ற முடியாது. போகம் தொடங்குமுன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குச் சட்டப்படி அரச அதிகாரியே தலைமை. தண்ணீர் திறக்கும் திகதி, விதைக்கும் காலம், எத்தனை ஏக்கர் என்பவை அங்கேதான் தீர்மானமாகும். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன், வாய்க்காலின் தலைப்பகுதிக்காரரும் கடைசிப் பகுதிக்காரரும் பொதுவான ஒருவரை வைத்துத் தங்களுக்குள் கதைத்து ஒரு நிலைப்பாட்டுடன் போகலாம். அதிகாரியின் முன்னால் இரண்டாகப் பிரிந்து நின்றால் முடிவு அவருடையதாகிவிடும்.

வன்முறைக்கு ஆளானவரையும் அதைச் செய்தவரையும் ஒரே வட்டத்தில் இருத்தும் இடத்துக்கு அனுசரணையாளரைக் கொண்டுவராதீர்கள். காணியைப் பிடித்து வைத்திருப்பவரும் காணிச் சொந்தக்காரரும் சமமாக அமர்ந்து இருவருக்கும் ஐந்து நிமிடம் என்று பேசுவது நியாயமும் ஆகாது. அங்கே தேவை சட்டமும் போராட்டமும்.

அந்த அக்காவுக்கு 2013 கிணறு கடைசிவரை கிடைக்கவில்லை. சீட்டுக் காசில் அவரே பின்னர் வெட்டுவித்தார். வடிகால் வந்ததால் மழைக்காலத்தில் அவருடைய வளவில் இப்போது தண்ணீர் நிற்பதில்லை. நான் இப்போதும் ஊருக்குப் போனால் கூட்டக் குறிப்பு எழுதக் கூப்பிடுகிறார்கள். எழுதுகிறேன். ஆனால் ஏகமனதாக என்று எழுதுவதை விட்டுவிட்டேன். எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் பேசினார்கள், யாருடைய காரணம் ஏற்கப்படவில்லை என்று எழுதி, எல்லாருக்கும் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துக்குக் கொடுக்கிறேன்.